பில் யார் பேர்ல இருக்கு?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் இடது பக்கம் மட்டும் பின்னணி இசை ஓவரா இருந்ததுன்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. மன்னிச்சுக்கோங்க. என்னோட இடது இயர்பட் செத்துப்போச்சு. வலது காதை மட்டும் நம்பி எடிட் பண்ணினேன். அதோட விளைவுதான் நீங்க கேட்டது.

அந்த இயர்பட்ஸ் நான் வாங்கினது இல்லை. அப்பா வாங்கிக் கொடுத்தது. ஊர் மல்லசமுத்திரம், நாமக்கல் மாவட்டம். வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடுது. நான் பெங்களூருல கோடு எழுதிட்டு, வார இறுதியில இப்படி மைக் முன்னாடி உட்கார்றேன். "பையன் ரேடியோ மாதிரி ஏதோ பேசறான்" என்ற அளவில்தான் அப்பாவுக்கு இந்தப் பாட்காஸ்ட் தெரியும். போன தீபாவளிக்கு ஊர்க் கடைக்குப் போய், 2,299 ரூபாயை ரொக்கமா எண்ணிக் கொடுத்து வாங்கிட்டு வந்தார். வாரண்டி ஒரு வருஷம். எட்டாவது மாசம் இடது பக்கம் நின்னுபோச்சு.

சர்வீஸ் சென்டரில் ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. பில் இருக்கா? பில் யார் பேர்ல இருக்கு?

அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "பத்திரமா இருக்குது கண்ணு. லேமினேஷனே போட்டு வெச்சிருக்கறேன்" என்றார். போட்டோ அனுப்பச் சொன்னேன். வந்த படத்தைப் பார்த்தா, பளபளன்னு பிளாஸ்டிக் உறைக்குள்ள முழுக்க முழுக்கக் கறுப்பா ஒரு காகிதம். ஒரு எழுத்து கிடையாது.

"ஏம்ப்பா, இதுக்கெல்லாம் யாராச்சும் லேமினேஷன் போடுவாங்களா?" என்று கத்திட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உன்ற மார்க் ஷீட்டுக்கெல்லாம் அப்படித்தானே கண்ணு போட்டோம்" என்றார்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அதனாலதான் இன்னைக்கு இந்த எபிசோட். அந்த ரெண்டு கேள்விக்கும் பின்னால் இருக்கிற வரலாற்றைத் தேடிப் பார்த்தேன். நான் நினைச்சதைவிடப் பழசு அது.

தொட்டுப் பார்த்து வாங்கிய காலம்

மல்லசமுத்திரத்தில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கும். மூட்டைகளை வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. வெளியூர் வியாபாரிங்க ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுப்பாங்க. விரலால் இழுத்து நீளம் பார்ப்பாங்க. ஈரம் இருக்கா, தூசு இருக்கான்னு பார்ப்பாங்க. அதுக்கப்புறம்தான் விலை. சின்ன வயசில் இதை வேடிக்கை பார்த்திருக்கேன். அங்கே வாரண்டி கார்டு கிடையாது. வாங்குறவரோட விரல்தான் வாரண்டி.

உலகம் முழுக்க வியாபாரம் ரொம்ப காலம் இப்படித்தான் நடந்திருக்கிறது. வாங்குகிறவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டும். அப்புறம் வந்து புலம்பக்கூடாது. ஆங்கிலேயச் சட்டத்தில் இது ஒரு கொள்கையாகவே இருந்தது. அங்கிருந்துதான் நம்ம 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம் வந்தது. இன்னைக்கும் அமலில் இருக்கிற சட்டம். அதன் 16-ஆவது பிரிவு, பொருளின் தரத்துக்குப் பொதுவாக எந்த உள்ளார்ந்த உத்தரவாதமும் கிடையாது என்றுதான் ஆரம்பிக்கிறது. அதுக்கப்புறம் விதிவிலக்குகள். அதில் ஒன்று முக்கியம்: இன்ன பொருள் என்று சொல்லி, அந்தப் பொருளை விற்கிற வியாபாரியிடம் வாங்கினால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். ஆனால், வாங்குகிறவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அவரே பொறுப்பு.

பருத்தி மூட்டைக்கு இது நியாயம்தான். ஆனா இயர்பட்டை எப்படிச் சோதிக்கிறது? உள்ளே ஒரு குட்டி பேட்டரி, ஒரு சிப், ஒரு ஸ்பீக்கர், எல்லாத்தையும் பசை போட்டு மூடியிருக்கு. திறந்தா உடைஞ்சிடும். கடையில் காதில் வெச்சுப் பார்த்தா நல்லாத்தான் பாடும். எட்டாவது மாசம் என்ன ஆகும்னு எந்த விரலுக்கும் தெரியாது.

விரலால் சோதிக்க முடியாத பொருள் வந்தபோது, அந்த இடத்துக்குத் தயாரித்தவரின் வாக்கு வந்தது. அதுதான் வாரண்டி. இன்னொரு சுவாரசியம்: வாரண்டி, கியாரண்டி ரெண்டும் பூர்வீகத்தில் ஒரே சொல். பழைய பிரெஞ்சின் ஒரு வட்டாரத்தில் "வ" என்று ஒலித்தது, இன்னொரு வட்டாரத்தில் "க" என்று ஒலித்தது. ஆங்கிலம் ரெண்டையும் தனித்தனியாக வாங்கி வைத்துக்கொண்டது. அதனால, "இதுக்கு வாரண்டியா கியாரண்டியா?" என்று கடையில் கேட்டா, அகராதிப்படி ஒண்ணையேதான் ரெண்டு தடவை கேட்கிறோம். கடைக்காரர் பாஷையில் ஒண்ணு ரிப்பேர், இன்னொண்ணு மாத்திக் கொடுக்கிறது.

கிழித்த ஓலை நகல், மூலம் வேறு

வாக்கு கொடுத்தாச்சு. அந்த வாக்கு உனக்குத்தான் கொடுக்கப்பட்டது என்று எப்படி நிரூபிப்பாய்? இதுதான் பில் இருக்கா என்கிற முதல் கேள்வி.

இதுக்குத் தமிழில் ரொம்பப் பிரபலமான ஒரு வழக்கு இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் சுந்தரர் கதை. பக்தியை ஒரு நிமிஷம் தள்ளி வெச்சுட்டு, வெறும் ஆவண வழக்கா மட்டும் இதைப் பாருங்க.

சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது. ஒரு கிழவர் வந்து, "நீ என் அடிமை. உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரர் கோபத்தில் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. நடைமுறை, ஆவணம், சாட்சி இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்று சபை கேட்கிறது. கிழவர் சொல்கிற பதில்தான் கதையின் உச்சம்: இவன் கிழித்தது படி ஓலை, மூல ஓலை பத்திரமாக என்னிடம் இருக்கிறது. சபை அதோடு விடவில்லை. தாத்தாவின் கையெழுத்து உள்ள வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எழுத்து ஒத்துப்போகிறது. கிழவர் ஜெயிக்கிறார்.

என் தொழிலின் பாஷையில் சொன்னா, பேக்கப் எடுத்து வெச்சவர் ஜெயிச்சார். வாங்கியவர் கையில் இருக்கிற காகிதம் போனால் எல்லாம் போச்சு என்று அந்தச் சபை நினைக்கவில்லை. வேறு எங்கே பதிவு இருக்கிறது என்று தேடியது.

கல்லாவுக்குக் காவலாக வந்த பில்

கடை பில் நமக்காகப் பிறந்ததா? இல்லை. 1879-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவர், விற்பனையைப் பதிவு செய்கிற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வேலைக்காரர்கள் கல்லாவில் கை வைப்பதைத் தடுப்பதுதான் நோக்கம். காகிதச் சுருளில் ரசீது அடிக்கும் வசதி அப்புறம் வந்தது. அதாவது, பில்லின் முதல் வேலை வாடிக்கையாளருக்குச் சாட்சி சொல்றது இல்லை, கல்லாவில் இருக்கிறவரைக் கண்காணிக்கிறது. இன்னைக்கும் ஹோட்டல்களில் "பில் கேட்டு வாங்கவும்" என்று எழுதிப் போட்டிருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதே நேரம் காகிதத்துக்கு ஒரு ஜோடி கிடைத்திருந்தது. 1806-இல் இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் கார்பன் காகிதத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம்ம ஊர்க் கடைகளில் பில் புக்குக்கு நடுவில் நீலக் கார்பன் வைத்து அழுத்தி எழுதுவாங்களே, அந்த முறையின் தொடக்கம். ஒன்று உங்களுக்கு, ஒன்று கடைக்கு. படி ஓலை, மூல ஓலை.

இப்ப அப்பாவின் கறுப்புக் காகிதத்துக்கு வருவோம். இன்னைக்குக் கடையில் வர்ற சின்ன பில்லில் மை கிடையாது. அது வெப்பக் காகிதம். மேல் பூச்சில் நிறமில்லாத ஒரு சாயமும், அதைக் கறுக்க வைக்கிற இன்னொரு ரசாயனமும் கலந்திருக்கும். பிரிண்டர் சின்னச் சின்னப் புள்ளியாகச் சூடு வைக்கும். சூடு பட்ட இடத்தில் ரெண்டும் உருகிச் சேர்ந்து கறுக்கும். அதுதான் எழுத்து. லேமினேஷன் இயந்திரத்தின் உருளை 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதில் இந்தக் காகிதத்தை விட்டால் முழுப் பக்கமும் எழுத்தாகிவிடும். சரி, லேமினேஷன் போடாம பிளாஸ்டிக் கவரில் வெச்சா? பல கவர்களில் இருக்கிற மென்மையாக்கும் ரசாயனம் அந்த எழுத்தை அழிச்சிடும். வெயிலில் வெச்சா வெளுத்திடும்.

நிலப் பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் என்று அப்பா வாழ்க்கையில் பார்த்த எந்தக் காகிதமும் அவரை இப்படி ஏமாத்தினது இல்லை. பத்திரப்படுத்துகிற வழி அவருக்குத் தெரியும். பத்திரப்படுத்தவே முடியாத ஒரு காகிதத்தை அவர் கையில் கொடுத்தது நம்ம காலம்.

பெயர் இல்லாதவர்களின் வழக்கு

அடுத்தது ரெண்டாவது கேள்வி. பில் யார் பேர்ல இருக்கு?

1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். மே டோனஹ்யூ என்ற பெண் தோழியோடு ஒரு கஃபேவுக்குப் போனார். தோழி காசு கொடுத்து அவருக்கு ஜிஞ்சர் பீர் வாங்கித் தந்தார். அதில் கொஞ்சம் ஐஸ்கிரீமில் ஊற்றிக் குடித்தார். மிச்சத்தை ஊற்றும்போது, உள்ளே இருப்பது தெரியாத அந்தப் பழுப்புப் பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாகவும், அதனால் தன் உடம்பு கெட்டதாகவும் வழக்குப் போட்டார்.

சிக்கல் என்னன்னா, வாங்கியது தோழி. டோனஹ்யூவுக்கும் கடைக்கும் இடையில் ஒப்பந்தமே இல்லை. பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சனுக்கும் அவருக்கும் இடையிலும் இல்லை. அன்றைய சட்டப்படி, ஒப்பந்தத்தில் இல்லாதவர் கேள்வி கேட்க முடியாது. 1932-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: தயாரிக்கிறவர், கடைசியில் அதைப் பயன்படுத்துகிறவர் விஷயத்திலும் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர். நத்தை இருந்ததா என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவே இல்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் தீர்ப்பு நிலைத்தது. இன்று நம்ம சட்டக் கல்லூரிகளிலும் இது அடிப்படைப் பாடம்.

அது உடம்புக்கு வந்த கேடு. வாரண்டி சம்பந்தமான வழக்கு அமெரிக்காவில் வந்தது. 1955 மே மாதம் நியூ ஜெர்சியில் ஹென்னிங்சன் என்பவர் அன்னையர் தினப் பரிசாக மனைவி ஹெலனுக்கு ஒரு பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாளில், ஹெலன் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங் கையை விட்டுத் திரும்பி, கார் சுவரில் மோதியது. ஒப்பந்தத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் வாரண்டி: 90 நாள் அல்லது 4,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவோம், அவ்வளவுதான். அதுவும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்.

ஹெலன் வாங்கியவர் இல்லை. பரிசாகப் பெற்றவர். 1960-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், அந்தப் பொடி எழுத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றது. கார் வாங்கினால் வீட்டில் மற்றவர்களும் ஓட்டுவார்கள் என்பது விற்கிறவருக்குத் தெரியாதா என்பதுதான் அதன் அடிப்படை.

தோழி வாங்கித் தந்த பானம், கணவர் வாங்கித் தந்த கார், அப்பா வாங்கித் தந்த இயர்பட்ஸ். கேள்வி ஒன்றுதான்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த நாள் 1986 டிசம்பர் 24. அதனாலதான் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் தேசிய நுகர்வோர் தினம் கொண்டாடுறாங்க. நுகர்வோர் யார் என்று சொல்கிற வரியில் அந்தச் சட்டம் ஒரு பெரிய காரியம் செய்தது. காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் இல்லை, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்றது. திரும்ப விற்பதற்காக வாங்குகிறவருக்கு இது பொருந்தாது. 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிற 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வரையறையை வைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்திலும் நியூ ஜெர்சியிலும் வருஷக்கணக்காக வழக்காடி வாங்கிய விஷயம், நமக்குச் சட்டத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. பில்லில் உன் பெயர் இல்லை, அதனால் நீ நுகர்வோரே இல்லை என்று யாரும் முடித்துவிட முடியாது. ஆனா, யாரோ ஒருத்தர் காசு கொடுத்து வாங்கினார் என்பதை நிரூபிக்க வேண்டும். பில் அதுக்குத்தான்.

இன்னொரு வேடிக்கை. ஜிஎஸ்டி விதிகளின்படி, பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய்க்குக் குறைவாக விற்றால், அவர் கேட்காத வரை பில்லில் பெயர் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. கட்டாயமே இல்லாத ஒரு பெயரை வெச்சுத்தான் என்னைத் திருப்பி அனுப்பினாங்க.

பில் கொடுக்காமல் இருப்பதையே 2019 சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதனால பில் கேட்கிறது கடைக்காரர் மேல சந்தேகப்படுறது இல்லை, நம்ம உரிமை.

மூல ஓலை எங்கே?

இதையெல்லாம் படிச்ச பிறகுதான் திருவெண்ணெய்நல்லூர் ஞாபகம் வந்தது. அப்பா கையில் கறுத்துப்போனது படி ஓலை. மூல ஓலை எங்கே?

பொருள் விற்பனைக்கான ஜிஎஸ்டி பில்லுக்கு மூன்று பிரதி உண்டு. ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று சரக்கு கொண்டுபோகிறவருக்கு, ஒன்று விற்பவருக்கு. பதிவு பெற்ற கடைக்காரர் அந்தக் கணக்கை, வருடாந்திரக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எட்டு மாசம் எல்லாம் ஒரு கணக்கே இல்லை.

அப்பாவுக்குத் திரும்பவும் போன் பண்ணினேன். இந்தத் தடவை கத்தல. "கடைக்காரர்கிட்ட தேதியைச் சொல்லி, பில் காப்பி கேட்டுப் பாருங்கப்பா" என்றேன். தீபாவளிக்கு முந்தின வாரம் என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் அப்பாவின் போன் நம்பரைத் தட்டினார். வந்துவிட்டது. "இதுக்கு எதுக்குங்கண்ணா இவ்வளவு தயங்கறீங்க, முன்னாடியே வந்திருக்கலாமில்ல" என்றாராம்.

அந்த பில்லையும், பெட்டியில் இருந்த சீரியல் நம்பரையும், நுகர்வோர் வரையறை இருக்கிற சட்டப் பிரிவையும் சேர்த்து ஒரு மெயில் போட்டேன். ஒன்பதாவது நாள் இடது இயர்பட் மாற்றிக் கிடைத்தது. இந்த எபிசோடை ரெண்டு காதிலும் கேட்டுத்தான் எடிட் பண்ணியிருக்கேன்.

உங்களுக்காகச் சுருக்கமா:

பில் கையில் வந்த அன்றே போட்டோ எடுத்து, உங்களுக்கே மெயில் போட்டுக்கோங்க. காகிதத்தைச் சூட்டில் காட்டாதீங்க.

பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. சீரியல் நம்பர், தயாரிப்பு மாதம், வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அதில் இருக்கு. பில் இல்லைன்னா சில நிறுவனங்கள் வாரண்டியைத் தயாரிப்புத் தேதியிலிருந்தே கணக்குப் போடும். சில மாசம் அதிலேயே போயிடும்.

வாரண்டி எதுக்கெல்லாம் இல்லை என்கிற பொடி எழுத்தை முதலில் படிங்க. வியர்வை தாங்கும் என்று விளம்பரம் இருக்கும். தண்ணீர் பட்ட சேதம் சேராது என்றும் அதே பெட்டிக்குள் எழுதியிருக்கும்.

பில் தொலைந்தால் கடைப் பிரதி, யுபிஐ பதிவு, ஆர்டர் மெயில் தேடுங்க.

எதுவும் நடக்கலைன்னா 1915-க்குக் கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நிறுவனம் எங்கே இருந்தாலும், நீங்க வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்க ஊர்க்காரங்களுக்கு அது நாமக்கல்.

அப்பா இப்ப லேமினேஷன் போடுறதை விட்டுட்டார். அதுக்குப் பதிலா எந்த பில் வந்தாலும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பறார். நேத்து பெட்ரோல் பங்க் பில் வந்தது. அதுக்கு முந்தின நாள் தறிக்கு வாங்கின பெல்ட் பில். எதையும் அழிக்காம, அவர் பேரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு வெச்சிருக்கேன்.

அந்தக் கறுப்புக் காகிதம் இன்னும் பீரோவில், என் மார்க் ஷீட் கூடத்தான் இருக்கு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.